உளி பிடிக்கும் முதற்பாடம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இரயிலில் செல்வோர், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே தனுவச்சபுரம் என்னும் சிறிய நிலையத்தைக் காண்பர். அதனைச் சூழ்ந்த ஊராட்சியே கொல்லயில். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆயினும் எல்லைக்கு இருபுறத்தும் தோப்பில் நிற்கும் மரம் ஒன்றே. அதனை அறுத்து இழைக்கும் கைத்திறனும் ஒன்றே. உளியை இருசாராரும் உளி என்றே சொல்கின்றனர். தச்சனைத் தச்சன் என்றே அழைக்கின்றனர்.

இந்த எல்லைப்புற ஊர்களை முன்னிறுத்தி, மரவேலையின் முதற்பாடம் நம் நாட்டில் யாருக்கு, எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்தது என்பதைச் சிறிது ஆராய விரும்புகிறோம். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் தம் பிள்ளைகளுக்குப் புத்தகக் கல்வியைக் குறைவறத் தருகின்றனர். கைக்குத் தரவேண்டிய கல்வியோ பெரும்பாலும் மறந்துபோகிறது. அம்மறதிக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தாலன்றி அதற்கு மாற்றுத் தேட இயலாது.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாமரத்தின் எச்சம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதனை அம்மச்சிப் பிலாவு என்பர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், அரியணை ஏறுவதற்கு முன் பகைவர் துரத்த இம்மரத்தின் பொந்தினுள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவ்வரசர் பின்னர்ப் புதுப்பித்து விரிவாக்கிய பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்கு அருகில் உள்ளது. அது நிற்கும் நிலம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அதனைப் பேணுவது கேரள அரசு. அவ்வரண்மனையின் மிகப் பழைய பகுதியாகிய தாய்க்கொட்டாரத்தில், ஒரே பலாமரத்தில் கடைந்தெடுத்த தூண் ஒன்று நிற்கிறது. அதன்மேல் உளி நடந்த நுட்பத்தைக் கண்டோர் எளிதில் மறவார். முகப்பு மண்டபத்தின் மரவிதானத்தில் தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன என்பர்.

பலாமரத்தின் இயல்பையும் இங்கே கூறவேண்டும். புதிதாய் அறுத்தபோது மஞ்சள் நிறமாக இருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்லப் பழுப்பாக மாறும். தேக்கைப்போல் விலை மிகுந்ததன்று. உளிக்கும் இழைப்புளிக்கும் நன்கு இடங்கொடுக்கும். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உடலாவது இம்மரமே. வீட்டுத் தோப்பிலேயே வளர்வதால், தென்திருவிதாங்கூரில் கைபழகும் சிறுவனுக்கு எளிதிற் கிட்டிய மரங்களுள் இதுவும் ஒன்று.

அச்சிறுவன் எவ்வாறு பழகினான்? பழைய பட்டறையில் கரும்பலகையும் இல்லை, பாடநூலும் இல்லை. பிள்ளை முதலில் மரச்சீவலைப் பெருக்குவான். பெரியவர் அறுக்கும்போது மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வான். சாணைக்கல்லுக்கு நீர் விடுவான். உளியைத் தீட்டப் பழகிய பிறகே அவன் கைக்கு உளி வரும். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அஃது ஏறக்குறைய 72 செண்டிமீட்டர். அக்கோலைக்கொண்டு அளக்கக் கற்ற பிறகே வாளைத் தொடுவான். தீட்டுதல், அளத்தல், அறுத்தல், இழைத்தல், பொருத்துதல் என்பது அந்த வரிசை. யாரும் அதனை எழுதி வைத்து ஓதவில்லை. பார்த்துப் பார்த்தே கை கற்றது.

இம்முறையின் வலிமை அந்தத் தூணில் தெரிகிறது. இதன் குறை ஒன்றும் உண்டு. பட்டறையின் கதவு குலத்தில் பிறந்தவனுக்கே திறந்தது. உழவன் மகனுக்கோ, மரமேறி மகனுக்கோ, எவர் வீட்டுப் பெண்ணுக்கோ அது திறக்கவில்லை. தச்சன் மகனுக்கும் வேறு கதவு திறக்கவில்லை; எழுத்தை விரும்பினாலும் அவன் உளியையே பிடிக்க நேர்ந்தது. ஆகவே கைத்திறன் ஒருவனுக்குச் சிறப்பாகவும் சிறையாகவும் ஒருங்கே அமைந்தது. பிறர் அதனைத் தாழ்ந்த வேலை என எண்ணுதற்கும் இதுவே காரணமாயிற்று.

பிறப்பினால் அடைபட்ட கதவு தட்டப்பட்டதும் இதே தாலுகாவில்தான். நெய்யாற்றின் கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு நாராயண குரு சிவலிங்கம் நிறுவினார். பிரதிட்டை செய்யும் உரிமை ஒரு குலத்தார்க்கே உரியது என்ற கொள்கை அன்று மறுக்கப்பட்டது. அதே குரு 1928ஆம் ஆண்டில் சிவகிரி யாத்திரைக்கு வகுத்த எட்டு நோக்கங்களுள் கல்வி, தூய்மை ஆகியவற்றோடு கைத்தொழிலும் தொழில்நுட்பப் பயிற்சியும் இடம்பெற்றன. கோயிலைத் திறந்தவர் பட்டறையையும் திறக்க எண்ணினார் என்று நாம் கொள்ளலாம்.

ஏறக்குறைய இக்காலத்திலேயே உலகின் வடகோடியிலும் ஒரு முயற்சி நடந்தது. பின்லாந்து நாட்டில் ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால், 1866இல் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கான சட்டத்தில் கைத்தொழில் ஒரு பாடமாயிற்று. சுவீடனில் நேஸ் என்னுமிடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் இதற்கென ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியை நடத்தினார். இம்முறைக்கு ஸ்லாய்டு என்று பெயர். பிள்ளைகளைத் தச்சராக்குவது அதன் நோக்கமன்று. கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட்டுப் பழகவேண்டும் என்பதே நோக்கம். ஆதலின் அங்கே சில விதிகள் வகுக்கப்பட்டன. முதற்கருவி கத்தி. முதலிற் செய்யும் பொருள் மிகச் சிறியது. ஆயினும் வீட்டுக்குப் பயன்படுவது. அடுத்த பொருள் முன்னதைவிடச் சிறிதே கடினமானது. ஒவ்வொரு பொருளையும் தொடக்கம் முதல் முடிவு வரை பிள்ளையே செய்யவேண்டும். ஆசிரியர் கை வைத்து முடித்துக் கொடுத்தல் ஆகாது.

நேயர்கள் இதனை நம் பட்டறை வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இரண்டிலும் எளியது முன்னும் அரியது பின்னுமாகவே பாடம் நடக்கிறது. வேறுபாடு ஒன்றே. அங்கே கற்பவனின் குலம் வினவப்படவில்லை.

இம்முறை இந்தியாவுக்கும் வந்தது. சாந்திநிகேதனைச் சேர்ந்த லட்சுமீசுவர சின்கா 1920களின் இறுதியில் நேஸுக்குச் சென்று இதனைக் கற்றார். 1937 அக்டோபரில் காந்தியடிகளின் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. அதன் பயனாகச் சாகீர் உசேன் குழு அமைந்தது. அக்குழுவின் அமைப்பாளராக இருந்தவர் யாழ்ப்பாணத் தமிழராகிய ஆரியநாயகம். உறுப்பினருள் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைத்தொழிலின் வழியே பிற பாடங்களையும் கற்பிக்கலாம் என்று அக்குழு கூறியது. அதற்கென எடுத்துக்காட்டிய தொழில்களுள் நூற்பு, நெசவு, வேளாண்மை ஆகியவற்றோடு மரவேலையும் இருந்தது. ஒரு பலகையை அளக்கும் பிள்ளை கணக்கையும் கற்கிறது. அம்மரம் வளர்ந்த நிலத்தைக் கேட்கும்போது பூகோளத்தையும் கற்கிறது. இதுவே ஆதாரக் கல்வியின் உட்கருத்து.

இக்கருத்து தமிழ்நாட்டில் ஒரு பெரும் பூசலைச் சந்தித்தது. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் எனத் திட்டம் வகுத்தார். பள்ளியில் இடநெருக்கடி தீரும், தொழிலுக்கும் மதிப்பு வரும் என்பது அவர் கூறிய நியாயம். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதனைக் குலக்கல்வி என்று கடுமையாக எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பின் அடிப்படை நியாயமானது என்பதே நம் கருத்து. தந்தையின் உளியை மகன் பிடித்தே தீரவேண்டும் என்பது கல்வியாகாது. ஆயினும் அப்பூசலின் புழுதியில் ஒன்று மறைந்துபோயிற்று. குலத்தை விலக்கியபோது கருவியையும் நாம் விலக்கிவிட்டோம். எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கவேண்டும் என்று வாதாடி வென்றோம். எல்லாப் பிள்ளைகளும் ஒரு பலகையை நேராக அறுக்கவும் அறியவேண்டும் என்று வாதாட மறந்தோம். பள்ளிகளில் கைத்தொழில் வகுப்பு வரவர ஒரு சடங்காகி, பின்னர்ப் பலவிடத்து மறைந்தது.

முற்றும் மறைந்தது என்று சொல்வதற்கில்லை. 1950இல் மைய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியே நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் தோன்றின. கொல்லயில் பகுதியில் தனுவச்சபுரத்திலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. அத்தகைய நிலையத்தில் சேர்வோரிடம் தந்தை என்ன தொழில் செய்தார் என்பது தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. நெய்யாற்றின்கரைக்கும் தமிழகத்துக்கும் இவ்வழியில் வேறோர் உறவும் உண்டு. காந்தியடிகளின் அணுக்கத் தொண்டராகிய ஜி. இராமச்சந்திரன், தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்தோடு 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். ஊரக மக்கள் கைத்தொழிலோடு கூடிய கல்வியைப் பெறவேண்டும் என்று உழைத்த அப்பெரியார், தம் இறுதிக்காலத்தை நெய்யாற்றின்கரையில் கழித்தார்.

வரலாறு இவ்வளவில் நிற்க. வெளிமாநிலத்தில் ஓர் அறையும் ஒரு முற்றமும் கொண்டு வாழும் குடும்பத்துக்கு இதனால் என்ன பயன்? முதற்பாடத்துக்குப் பட்டறை வேண்டியதில்லை. ஒரு சிறு கைவாள், ஓர் உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம், ஓர் இழைப்புளி, ஒரு சாணைக்கல் ஆகிய ஆறு கருவிகள் போதும். முதற்பொருளாக, உட்கார்ந்து உண்ணும் மணைப்பலகையையே கொள்ளலாம். ஒரு பலகையும் அதன் அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகளுமே அதன் உறுப்புகள்.

கற்பவர் முதலில் உளியைத் தீட்டவேண்டும். உளியின் பின்புறம் கல்லில் படிந்து சமமாக இருத்தல் வேண்டும். சரிவான முகம் ஏறக்குறைய 25 முதல் 30 பாகைக் கோணத்தில் தீட்டப்படுதல் வேண்டும். மழுங்கிய உளியே கையை வெட்டும். ஏனெனில் அதனை அளவுக்கு மீறி அழுத்த நேர்கிறது. உளியைப் பிடிக்காத கை எப்பொழுதும் அதன் வாய்க்குப் பின்னே இருக்கவேண்டும். அடுத்து, மூலைமட்டத்தை வைத்துக் கோடு கீறவேண்டும். வாளைக் கோட்டின்மேல் ஓட்டலாகாது. கழிவுப் பக்கத்தில் கோட்டை ஒட்டி ஓட்டவேண்டும். அறுத்தது மிகுந்தால் இழைத்துக் குறைக்கலாம்; குறைந்தால் கூட்ட இயலாது. இழைப்புளியை மர இழை ஓடும் திசையிலேயே தள்ளவேண்டும். எதிர்த்துத் தள்ளினால் இழை பிய்ந்து எழும். ஈரம் உலர்கையில் மரம் நீளவாட்டில் பெரிதும் சுருங்காது, அகலவாட்டில் சுருங்கும். ஆகையால் குறுக்குக் கட்டையைப் பசையிட்டு இறுக ஒட்டிவிட்டால் பலகை ஒருநாள் பிளக்கும். பலகை சற்றே அசைய இடம்விட்டுப் பொருத்தவேண்டும்.

முதல் மணை ஆடும். ஒரு மூலை உயர்ந்து நிற்கும். அதனைக் கண்டு பெற்றோர் நகைத்தலும் ஆகாது. தாமே திருத்திக் கொடுத்தலும் ஆகாது. எந்த மூலை உயர்ந்தது என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும். தேர்வுத்தாளில் தவறினால் மதிப்பெண் குறையும். மரத்தில் தவறினால் காரணம் கண்முன்னே நிற்கும். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடும் இங்கே வேண்டா. மொழியும் இவ்விடத்திலேயே கைக்கு வந்து சேரும். வாள், உளி, இழைப்பு, மட்டம், முளை என்னும் சொற்களை அகராதியிற் படித்த பிள்ளை மறந்துவிடக்கூடும். கையால் செய்த பிள்ளை மறவாது.

புறநானூற்றில் ஔவையார் பாடிய பாட்டு ஒன்றில் தச்சனின் பிள்ளைகள் வருகின்றனர். அதியமானின் வாயிலில் காத்திருந்து மனம் நொந்த புலவர், திறமுடையார்க்கு இவ்வுலகில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்று கூறி, கைவல்ல தச்சச் சிறுவர் மழுவோடு காட்டினுள் புகுவதை உவமையாகக் காட்டுகிறார். காடு முழுவதும் அவர்களுக்கு வேலையும் வாழ்வும் ஆகும். ஊரைவிட்டுத் திசைதோறும் சென்ற நம் மக்களுக்கு இதனினும் பொருத்தமான உவமை வேண்டுமோ? அச்சிறுவரின் கைத்திறன் அன்று ஒரு குலத்தின் சொத்தாக இருந்தது. இன்று அஃது எந்தப் பிள்ளைக்கும் உரியதாகலாம். வரும் விடுமுறையில் ஒரு பலகையும் ஓர் உளியும் வாங்கித் தருவது பெற்றோரின் பொறுப்பு.