அரசாங்க மருத்துவமனையில் தனியார் குத்தகை: நாடாளுமன்றம் எப்படிக் கண்காணிக்கிறது?

அரசாங்க மருத்துவமனையில் டாக்டரும் தாதியும் அரசாங்க ஊழியர்கள். ஆனால், தரை துடைப்பவர் பெரும்பாலும் தனியார் நிறுவனத் தொழிலாளி. இந்த வேலையில் நம் பெண்கள் பலர் உள்ளனர்.

1996-இல் சுகாதார அமைச்சு 5 பணிகளை 15 ஆண்டுக் குத்தகையாக 3 நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. துப்புரவு, துணி சலவை, மருத்துவக் கழிவு அகற்றுதல், கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு ஆகியவையே அவை.

கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆவது அட்டவணைப்படி மருத்துவமனைகள் கூட்டரசின் பொறுப்பு. அதனால் இதைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். ஆனால், இத்தகைய ஒப்பந்தத்தில் அமைச்சு கையெழுத்திட, மக்களவையில் தனி வாக்கெடுப்பு தேவையில்லை. உறுப்பினர்களின் கையில் இருக்கும் வழிகளில் நான்கு இவை.

கேள்வி நேரம்: அமைச்சரிடம் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ விளக்கம் கேட்கலாம். அவையில் சொல்லப்படும் பதில் ஹன்சாட்டில் பதிவாகும்.

வரவு செலவுத் திட்டம்: குத்தகைப் பணம் ஆண்டுதோறும் அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து போகிறது. அமைச்சுவாரியான விவாதத்தில் அதைக் கேட்கலாம்.

தேசியக் கணக்காய்வாளர் அறிக்கை: அரசியலமைப்பின் 107-ஆவது விதிப்படி இது மக்களவையில் தாக்கல் செய்யப்படுகிறது.

பொதுக் கணக்குக் குழு: பிஏசி எனப்படும் இக்குழு, மக்களவையின் 77-ஆவது நிலையான விதியின்கீழ் இயங்குகிறது. அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். ஆனால், பரிந்துரை செய்யலாமே தவிர, ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது.

குறை எங்கே? கணக்காய்வு பெரும்பாலும் பணம் செலவான பிறகே வருகிறது. ஒப்பந்தம் 1972 அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் இரகசியமாக வகைப்படுத்தப்பட்டால், அதன் விவரங்களை அவையில் அலசுவதும் கடினம்.

தேசிய இருதயக் கழகம் (ஐஜேஎன்) ஒரு பாடம். 1992-இல் நிறுவனமயமான அது இன்றும் நிதியமைச்சுக்குச் சொந்தமானது. 2008 டிசம்பரில் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்க சைம் டார்பி முன்வந்தது. ஏழை நோயாளிகளின் கதி என்ன என்று நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. அதைத் தடுத்தது நாடாளுமன்ற வாக்கெடுப்பு அன்று, மக்கள் குரல்.

1 வெள்ளி கட்டி வெளிநோயாளிப் பிரிவில் மருந்து வாங்கும் தோட்டப்புறக் குடும்பத்திற்கு வேறு புகலிடம் இல்லை. ஆகவே, உங்கள் தொகுதி சேவை மையத்திற்குப் போகும்போது நாடாளுமன்ற உறுப்பினரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நம் மருத்துவமனையின் குத்தகை எப்போது முடிகிறது? வேலை சரியில்லை என்றால் நிறுவனத்துக்கு அபராதம் உண்டா? நிறுவனம் மாறினால் தொழிலாளியின் பழைய சேவைக்காலம் கணக்கில் வருமா?

இவற்றை எழுத்து மூலம் கொடுங்கள். உறுப்பினர் இதையே அவையில் கேட்டால், அமைச்சின் பதிலை எதிர்பார்க்கலாம்.