ஆலையும் ஆவணமும்: இந்தியக் காப்புரிமை முகவர் தொழிலில் வேதிப்பொறியாளர்

காப்புரிமை முகவர் என்பவர், கண்டுபிடிப்பாளரின் சார்பில் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்து, அங்கு எழும் ஆட்சேபங்களுக்கு விடையளித்து, உரிமையைப் பெற்றுத்தரச் சட்டத்தின் அனுமதி பெற்றவர் ஆவார். நுட்ப அறிவும் சட்ட அறிவும் ஒருங்கே வேண்டப்படும் இத்தொழிலில் வேதிப்பொறியாளர்கள் பெற்ற இடம், இந்தியக் காப்புரிமைச் சட்டம் கடந்துவந்த திருப்பங்களோடு இணைந்தே உருவானது. சட்டம் காக்க வேண்டியது வேதிப்பொருளையா, அதைத் தயாரிக்கும் முறையையா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடையே அவர்களுடைய பணியின் தன்மையைத் தீர்மானித்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம், புதிய கண்டுபிடிப்புகளுக்கு 14 ஆண்டுக்காலத் தனியுரிமையை வழங்கியது. அச்சட்டத்தின்கீழ் முதல் விண்ணப்பத்தை 1856 மார்ச் 3 அன்று அளித்தவர், கல்கத்தாவைச் சேர்ந்த கட்டுமானப் பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் ஆவார். பங்கா எனப்பட்ட கூரை விசிறியை இழுக்கும் இயந்திரமே அவருடைய கண்டுபிடிப்பு. அவருடைய பெயரைத் தாங்கிய காப்புரிமை முகவர் நிறுவனம் பிற்காலத்தில் சென்னையிலிருந்து இயங்கலாயிற்று. பிரிட்டிஷ் அரசியின் ஒப்புதலைப் பெறாமல் இயற்றப்பட்டது என்ற காரணத்தால் அச்சட்டம் 1857இல் நீக்கப்பட்டு, 1859இல் மாற்றங்களுடன் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அவ்வழியில் வந்த 1911ஆம் ஆண்டுச் சட்டம், காப்புரிமைகளை நிர்வகிக்கும் பொறுப்பைக் கட்டுப்பாட்டாளர் என்ற தனி அதிகாரியிடம் ஒப்படைத்தது.

பங்கா இயந்திரம் பதிவான அதே 1856இல், லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின், அனிலினிலிருந்து தாம் உருவாக்கிய ஊதாச் சாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத்தின் அமைப்பை வரைபடத்தில் காட்டிவிட முடியும். சாயத்தையோ, எந்தப் பொருளை எதனுடன் எந்த நிலையில் சேர்த்தால் அது கிடைக்கிறது என்று சொற்களால் விவரித்தாக வேண்டும். வேதித்தொழில் வளர வளர, அவ்வாறு விவரிக்கத் தெரிந்தவர்களின் தேவையும் வளர்ந்தது. பிரிட்டனில் 1888ஆம் ஆண்டுச் சட்டம் காப்புரிமை முகவர்களுக்கெனப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. ஆய்வகக் குடுவையில் நிகழும் வினையைத் தொழிற்சாலை அளவுக்கு உயர்த்தும் துறையான வேதிப்பொறியியல், மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் 1887இல் ஆற்றிய சொற்பொழிவுகளின் வழியாக உருப்பெற்று, 1888இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தனிப் பாடத்திட்டமானது. இந்தியாவில் இத்துறைக்கான கல்வி 1920களில் ஹீராலால் ராயின் முயற்சியால் ஜாதவ்பூரில் வேரூன்ற, சென்னை கிண்டியில் 1944இல் அழகப்ப செட்டியாரின் கொடையால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி தமிழகத்துக்கு அதைக் கொண்டுவந்தது.

இக்கல்வி பெற்றவர் முகவர் பணியில் எதைச் செய்கிறார் என்பதை, விண்ணப்பத்தின் உயிர்நாடியான உரிமைக்கோரலைக் கொண்டு அறியலாம். விவரக்குறிப்பு எனப்படும் ஆவணத்தின் முற்பகுதி கண்டுபிடிப்பை விளக்குகிறது. அதன் இறுதியில் எண்ணிட்டு அமையும் உரிமைக்கோரல்கள், எந்த எல்லைக்குள் பிறர் நுழையக்கூடாது என்று வரையறுக்கின்றன. வினையூக்கியின் துணையோடு ஒரு வினை 60 முதல் 80 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நிகழ்வதாகக் கோரினால், போட்டியாளர் 90 பாகையில் அதே வினையை நடத்தித் தப்பிவிடக்கூடும். 20 முதல் 200 பாகை வரை என்று விரித்துக் கோரினாலோ, அந்த நெடுக்கத்துக்குள் முன்பே அறியப்பட்ட முறை ஒன்று அமைந்திருந்து, புதுமை இல்லை என்ற காரணத்தால் கோரலே வீழக்கூடும். வெப்பம் கூடினால் வினையின் வேகம் மட்டும் மாறுமா, விளைபொருளும் மாறுமா, ஆய்வகத்தில் கிடைத்த விளைச்சல் பெரிய வினைகலனிலும் கிடைக்குமா என்றெல்லாம் கண்டுபிடிப்பாளரிடம் கேட்டுத் தெளிந்து எல்லையை வகுப்பதற்கு, ஆலையின் இயக்கத்தை அறிந்த மனம் தேவைப்படுகிறது.

விடுதலைக்குப் பின் இந்த அறிவின் மதிப்பை உயர்த்தியவர்களில் தலையாயவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். ராஜகோபால அய்யங்கார் ஆவார். அவர் 1959இல் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவரிடம் இருப்பதையும், அவற்றில் மிகப்பெரும்பாலானவை இந்நாட்டில் உற்பத்திக்கே பயன்படாததையும் எடுத்துக்காட்டியது. அதன் அடிப்படையில் உருவாகி 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், உணவு, மருந்து, வேதிமுறையில் தயாராகும் பொருள்கள் ஆகியவற்றுக்குப் பொருள் காப்புரிமையை மறுத்து, செய்முறைக் காப்புரிமையை மட்டும் அனுமதித்தது. மருந்துச் செய்முறைக்கான உரிமையும் கூடினால் ஏழாண்டுகளே நீடித்தது. அதே மருந்தை வேறு வழியில் தயாரிப்பது சட்டத்துக்கு உட்பட்ட செயலாகிவிட்டதால், இந்திய மருந்துத் தொழில் மாற்று வழிகளைத் தேடி வளர்ந்தது. இரண்டு வழிகள் உண்மையிலேயே வேறானவையா என்ற கேள்வி மையத்துக்கு வந்தபோது, செய்முறையையே தம் பாடமாகக் கொண்ட வேதிப்பொறியாளரின் சொல்லுக்கு எடை கூடியது.

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாட்டை ஏற்ற இந்தியா, 2005 முதல் வேதிப்பொருள்களுக்கும் பொருள் காப்புரிமையை மீண்டும் அனுமதித்தபோது, அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் கூடுதல் செயல்திறனைக் காட்டினாலன்றி அதைக் கண்டுபிடிப்பாகக் கருதக்கூடாது என்ற 3(டி) பிரிவையும் சட்டத்தில் வலுப்படுத்திக்கொண்டது. ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்காக நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னை அலுவலகத்தில் அளித்த விண்ணப்பம் 2006இல் நிராகரிக்கப்பட்டு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது இப்பிரிவின் கீழேதான். துகள்கள் எளிதாக ஓடுதல், நிலைப்புத்தன்மை, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுதல் ஆகியவை தயாரிப்புக்கு உதவினாலும் நோயைத் தீர்க்கும் திறனாகா என்று நீதிமன்றம் விளக்கியது. ஆலையில் மதிக்கப்படும் ஒரு பண்பு சட்டத்தின் பார்வையில் எவ்வளவு பெறும் என்று முன்கூட்டியே கணிப்பது, அதன்பின் முகவரின் கடமைகளில் ஒன்றாயிற்று.

இன்றைய சட்டத்தின்படி, 21 வயது நிரம்பி, அறிவியலிலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ பட்டம் பெற்ற இந்தியக் குடிமக்கள், சட்டத்திலும் விவரக்குறிப்பு எழுதுவதிலும் தேர்வு எழுதி முகவராகப் பதிவு செய்துகொள்கின்றனர். காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஓர் உடன்பாடு. குறித்த காலம்வரை தனியுரிமையைப் பெறுபவர், அதற்கு ஈடாகத் தம் முறையைச் சிறந்த வடிவில் முழுமையாக வெளியிடக் கடமைப்பட்டவர். விவரக்குறிப்பில் முக்கியமான ஒரு நிலை மறைக்கப்பட்டால், காலம் முடிந்த பின்னும் சமுதாயத்துக்கு அந்த அறிவு வந்து சேராது. ஆகவே, வேதிப்பொறியியல் பயின்ற முகவர் தம் கட்சிக்காரரின் உரிமைக்கு மட்டுமன்றி, அந்த ஆவணத்தைப் படித்து ஆலையை இயக்க முற்படும் அடுத்த பொறியாளருக்கும் பொறுப்புடையவர். இவ்விரண்டு பொறுப்புகளையும் ஒரே எழுத்தில் நிறைவேற்றுவதில்தான் இத்தொழிலின் தகுதி அடங்கியுள்ளது.