இ.பி பில் எகிறுதா? ஃப்ரிட்ஜை சுவத்துல இருந்து கொஞ்சம் தள்ளி வைங்க!

ஏசி, ஃபேன், டிவி எல்லாத்துக்கும் ஓய்வு உண்டு. 24 மணி நேரமும் பிளக்கிலேயே இருப்பது ஃப்ரிட்ஜ்தான். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வாடகைக்கு இருக்கிறீங்களா? உங்க ஃப்ரிட்ஜ் எவ்வளவு கரன்ட் இழுக்குதுன்னு ஒருமுறை பார்த்துடுங்க. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு ரேட் ஏறுவதோடு, 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகையும் போய்விடும். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கினால், ஒவ்வொரு யூனிட்டும் காசுதான்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. அடுத்த தடவை கிளாம்பாக்கத்தில் ஊருக்கு பஸ் ஏறும் முன், ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் ஆஃப் பண்ணுங்க. வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் உட்பட. மீட்டரை போனில் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. திரும்பி வந்ததும் இன்னொண்ணு. நடுவில் ஓடியது முழுக்க ஃப்ரிட்ஜ் கணக்கு. ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு 210 யூனிட்னு போட்டிருந்தால், மூணு நாளைக்குச் சுமார் 2 யூனிட்தான் வரணும். கதவே திறக்காத வீட்டில் 5, 6 யூனிட் காட்டினால் எங்கேயோ கோளாறு.

பெரும்பாலும் கோளாறு ஃப்ரிட்ஜ் நிற்கிற இடத்தில்தான். உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. பழைய மாடல்களில் அந்தச் சூடு பின்பக்கக் கறுப்புக் கம்பி வழியாகவும், பல புது மாடல்களில் பக்கவாட்டுத் தகடு வழியாகவும் வெளியேறும். (பக்கவாட்டில் தொட்டால் சுடுதேன்னு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், அது இயல்புதான்.) சின்ன வீட்டில் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஃப்ரிட்ஜைச் செருகி, மேலே அரிசி மூட்டை, துணி எல்லாம் அடுக்கினால் சூடு எங்கே போகும்? கம்ப்ரஸர் நிக்காமல் ஓடும். கத்திரி வெயிலில், மேற்கு ஜன்னல் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்க, பக்கங்களில் நாலு விரல். ஜி.எஸ்.டி ரோடு ஓரத்து வீடுகளில் பின்பக்கக் கம்பியில் தூசி சீக்கிரம் படியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மாசத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டி விடுங்க.

அடுத்தது கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்க. தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர்காற்று கசியுதுன்னு அர்த்தம். முதலில் சோப்புத் தண்ணியில் துடைங்க. மாவு, குழம்புப் பிசுக்கு ஒட்டியிருந்தாலே சரியா மூடாது. அப்பவும் வழுக்கினால், ரப்பரை மட்டும் மாத்திக்கலாம்.

சிங்கிள் டோரில் ஐஸ் அரை விரல் தடிமன் சேர்ந்ததும் டீஃப்ராஸ்ட் பண்ணுங்க. கத்தியால் குத்தவே கூடாது, கேஸ் பைப் ஓட்டையாயிடும். மூடாத சாம்பார் குண்டானில் இருந்து வர்ற ஈரமும் ஐஸாகத்தான் மாறும். அதனால் சாம்பாரை ஆறவிட்டு, மூடி வைங்க. ஆறட்டும்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டுடாதீங்க. உள்ளே 4 டிகிரி இருந்தால் போதும். நாபை கடைசி நம்பர் வரை திருப்பி வைக்கத் தேவையில்லை.

ராத்திரி ஆஃப் பண்ணினால் மிச்சம்னு ஹாஸ்டல் நண்பர்கள் சொல்வாங்க. பண்ணாதீங்க. காலையில் ஆன் பண்ணியதும், ராத்திரி உள்ளே ஏறின சூட்டையெல்லாம் கம்ப்ரஸர் மொத்தமா இறக்கணும். அதுக்குள்ள பாலும் இட்லி மாவும் புளிச்சிருக்கும்.