ஏறுச்சுன்னா?

வீட்டுக்கடன் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "மாசம் எவ்ளோ வரும்?" பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஃபிளாட் பார்த்துவிட்டு வந்த யாரையாவது விசாரித்துப் பாருங்கள். வாசல் எந்தத் திசை, போர் தண்ணி உப்பா, மெட்ரோ எப்ப ஓடும் என்று ஐம்பது கேள்வி கேட்டிருப்பார். கடனைப் பற்றி மட்டும் ஒன்றே ஒன்று. "வட்டி ஏறுச்சுன்னா?" என்று கேட்டவர்கள் குறைவு. அது அறியாமை இல்லை. 'இப்படி ஆனா? அப்படி ஆனா?' என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் வசதி நெடுங்காலம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம்தான் இருந்தது. அது இந்தப் பக்கம் வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கடன் கணக்கு நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. இத்தனை சின்ன பின்னங்கள் வாயிலேயே புரண்டன. இன்றும் "நூத்துக்கு ரெண்டு" என்றால், லட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம் என்று மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மா நொடியில் சொல்லிவிடுவார். வருடத்துக்கு 24 சதவீதம், கொடுமையான வட்டிதான். ஆனால் கணக்கில் ஒளிவுமறைவு இல்லை. "பாதி முதலைத் திருப்பிக் குடுத்துட்டா?" என்றால் வட்டியும் பாதி. விரல்விட்டே விடை வந்துவிடும்.

இந்த வாய்க்கணக்கை உடைத்தது இ.எம்.ஐ. மாதத் தவணை ஒரே தொகைதான். அதற்குள் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்பது மட்டும் ஒவ்வொரு மாதமும் மாறும். 20 வருடக் கடன் என்றால் ஓர் எண்ணை அதே எண்ணால் 240 தடவை பெருக்கியாக வேண்டும். கிளார்க் டேபிளைப் புரட்டி லாகரிதம் போடத் தெரிந்தவர் முயன்று பார்க்கலாம். மற்றவர்களுக்கு, அதிகாரி ஓர் அட்டவணையைப் பார்த்துச் சொல்லும் தொகைதான் முடிவு. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். மைக்ரோமீட்டரில் அளக்காமல் ஒரு துண்டு இரும்பைக்கூடக் கீழே வைக்க மாட்டார். வீட்டுக்கடன் தவணையை மட்டும் சொன்னபடி கட்டினார். அதை அளக்க அவரிடம் கருவி இல்லை.

அப்பாவைப் போன்றவர்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தவை தொழிற்சாலைகள். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. மாதச் சம்பளம் வந்த இடத்துக்குப் பின்னாலேயே வீட்டுக்கடனும் வந்தது. 1977இல் எச்.டி.பாரேக் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி. நிலையான சம்பளம், நிலையான தவணை என்ற கூட்டல்தான் இந்தப் புறநகரைக் கட்டியது.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. 1978இல் ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளினுக்கு ஒரு யோசனை. வகுப்பில் கரும்பலகை முழுக்கக் கட்டம் போட்டு நிதிக் கணக்கு எழுதுவார்கள். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டத்தையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். தானாகவே திருத்திக்கொள்ளும் பலகை இருந்தால்? பாப் பிராங்ஸ்டன் அதற்கு நிரல் எழுத, 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு 'விசிகால்க்' வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3. 1985இல் மேக் கணினியில் எக்செல்.

விரிதாள் வேகமான கால்குலேட்டர் மட்டும் அல்ல. கால்குலேட்டர் ஒரு கேள்விக்கு ஒரு விடை தரும். விரிதாளில் கேள்வியையே மாற்றி மாற்றிக் கேட்கலாம். எக்செல்லில் இதற்கென்றே 'வாட்-இஃப் அனாலிசிஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. தமிழில் அதை ஒரே விகுதியில் சொல்லிவிடலாம்: "-னா?" அங்கே இருக்கும் டேட்டா டேபிள், வட்டி ஏழா எட்டா ஒன்பதா என்று எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் தவணையைக் காட்டும். சினாரியோ மேனேஜர், 'நல்ல காலம்', 'கெட்ட காலம்' என்று பெயரிட்டு நிலைமைகளைச் சேமித்துவைக்கும். கோல் சீக் தலைகீழாகப் போகும். "பையன் காலேஜ் சேர்றதுக்குள்ள கடன் முடியணும்னா மாசம் எவ்ளோ கட்டணும்?" என்று விடையிலிருந்து கேள்விக்குத் திரும்பலாம்.

நமக்கு இது உயிர்ப் பிரச்சினையானது 2022இல். அதற்கு முன்பே, 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. ரெப்போ 4 சதவீதத்தில் படுத்திருந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.50க்கு வந்து நின்றது. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம்.

திருமுல்லைவாயலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அப்போது நிம்மதியாகத்தான் இருந்தார். "நமக்கு ஏறலையே தம்பி, அதே தொகைதான் போகுது" என்றார். வங்கி தவணையைத் தொடவில்லை, காலத்தை நீட்டியிருந்தது. அவர் கணக்கு அவருடையது. அதைப் போன்ற ஒன்றை வைத்துப் பார்ப்போம். 30 லட்சம் கடன், 6.75 சதவீதம், 20 வருடம். தவணை 22,811 ரூபாய். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியதும் மீதி சுமார் 29,26,500. எளிமைக்காக, முழு ஏற்றமும் அன்றைக்கு மொத்தமாக விழுந்து வட்டி 9.25 ஆனது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாத வட்டி மட்டும் 22,559. கட்டுகிற 22,811இல் முதலுக்குப் போவது 252 ரூபாய். ஒரு பிரியாணிக் காசு.

அதே தவணையில் விட்டால் கடன் முடிய 587 மாதம் ஆகும். கிட்டத்தட்ட 49 வருடம். 35 வயதில் வாங்கியவருக்கு முடியும்போது 85.

இப்போது "-னா?" கேட்போம். மாதம் 24,000 கட்டினால் 367 மாதம். 25,000 என்றால் 303. பழைய கெடுவிலேயே, அதாவது மீதமுள்ள 228 மாதத்தில் முடியணும்னா 27,299. முதல் வரிசையைப் பாருங்கள். தவணையில் கூட்டியது 1,189 ரூபாய், குறைந்தது 220 மாதம். கடைசி வரிசையில் கட்டுகிற மொத்தம் 62 லட்சம் சொச்சம். தவணையை ஏற்றாமல் விட்டால் ஒரு கோடியே 33 லட்சத்துக்கு மேல். இந்தச் சரிவை எந்த மனக்கணக்கும் காட்டாது. அட்டவணையாக விரித்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. அக்கா அந்தக் கட்டங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அவங்களே காமிச்சிருக்கலாம்ல?" என்றார்.

அந்தக் கேள்வி அவருடையது மட்டும் அல்ல. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, இரண்டையும் கலக்கவா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. நிலையான வட்டிக்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பும் தர வேண்டும் என்பது அன்றைய விதியாக இருந்தது. தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளர்கிற நிலை வரக் கூடாது. இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் தர வேண்டும். அதற்கு முன் விரிதாளில் கண்டதைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சத்தான் முடிந்தது. இப்போது கேட்கலாம்.

ஆனால் விரிதாளுக்குத் தெரியாத கட்டம் ஒன்று இருக்கிறது. 1984இல் ஹார்ப்பர்ஸ் இதழில் ஸ்டீவன் லெவி விரிதாளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அது உலகைப் பார்க்கும் ஒரு முறையாகவே மாறிவிட்டது என்பது அவர் பார்வை. அந்த முறையில் வருமானம் என்பது மாதாமாதம் வந்துவிடுகிற ஒன்று. 2020 ஏப்ரலில் எஸ்டேட் முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதி கிடைத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. சிறுதொழில் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று உட்படப் பலர் தொடுத்த வழக்கில், 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது. அசல் வட்டி தள்ளுபடி ஆகவில்லை. "சம்பளம் வரலைன்னா?" என்ற கேள்விக்கு எக்செல்லில் ஃபார்முலா கிடையாது. அதை நாம்தான் ஒரு கட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அக்கா அதை எழுதித்தான் முடிவெடுத்தார். 27,299 கட்டுகிற வரிசைதான் லாபம் என்று எனக்குத் தோன்றியது. அவர் நடு வரிசையைத் தொட்டார். "வீட்டுக்காரர் காண்ட்ராக்ட்ல இருக்கார் தம்பி. மாசம் ரெண்டாயிரம் கைல நிக்கட்டும். தீபாவளி போனஸ் வந்தா மொத்தமா முதல்ல கட்டிடறேன். அப்படிக் கட்டுனா எத்தனை மாசம் குறையும், போடு பார்ப்போம்" என்றார்.