போஜனப்பிரியமும் செவிகொடுத்தலும்: திருச்சபை வரலாறு தரும் ஒரு படிப்பினை

பெருந்தீனியைப் பாவமென்று கண்டித்துப் பிரசங்கிப்பது எளிது. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், லெந்து நாட்களில் நானும் அவ்வாறு பிரசங்கித்ததுண்டு. அதன்பின் உடல் பருத்த சகோதரி ஒருவர் பல வாரங்கள் ஆலயத்திற்கு வரவில்லை. காரணத்தை எவரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் இப்பொருளைப் பற்றி உண்மையில் என்ன போதித்தனர் என்று நான் தேடத் தொடங்கியது அந்நாட்களிலேதான்.

பெருந்தீனியை முறையாக ஆராய்ந்த முதல் கிறிஸ்தவ ஆசிரியர்களுள் ஒருவர் எவாகிரியஸ். எகிப்தின் பாலைநிலத்தில் துறவியாக வாழ்ந்து 399-ஆம் ஆண்டில் மரித்த அவர், மனிதனை அலைக்கழிக்கும் நினைவுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் பெருந்தீனியை முதலாவதாக வைத்தார். ஆயினும் அவர் அதை விவரிக்கும் விதம் நம்மை வியக்கவைக்கிறது. அங்கே விருந்துமில்லை, பருத்த வயிறுமில்லை. உபவாசத்தினால் வயிறும் ஈரலும் கெட்டுப்போகுமோ, நெடுநாள் நோயில் விழுவோமோ, வைத்தியர் இல்லாமற்போவாரோ என்று அஞ்சும் துறவி ஒருவரையே நாம் அங்குக் காண்கிறோம். ஆகவே எவாகிரியஸ் ஆராய்ந்தது மனதின் கவலையையே எனலாம்.

இப்போதனையை மேற்றிசைச் சபைக்குக் கொண்டுசென்றவர் யோவான் காசியன். எகிப்தியத் துறவியரிடம் பயின்று, பின்னர் மார்சேல் நகரில் மடங்களை நிறுவிய இவர், எல்லாருடைய சரீரமும் ஒரே பெலனுடையதல்லவாதலால் எல்லாருக்கும் ஒரே உபவாச விதியை ஏற்படுத்துதல் கூடாது என்று எழுதினார். மூப்பராகிய மோசேயின் வாயிலாக அவர் பதிவுசெய்துள்ள இரு நிகழ்ச்சிகள் ஆத்துமப் பராமரிப்புப் பணியில் ஈடுபடுவோர் அனைவரும் அறியத்தக்கவை.

முதலாவது, செராப்பியோன் என்னும் துறவியின் இளமைக்கால நிகழ்ச்சி. சிறுவனாக ஒரு மூப்பருடன் வாழ்ந்தபோது, இருவரும் உண்டு முடிந்தபின் அவன் நாள்தோறும் ஓர் உலர்ந்த அப்பத்தை மடியில் ஒளித்து, பின்பு மறைவாக உண்பான். உண்டபின் அவனை வாட்டிய வேதனை உண்ட இன்பத்திலும் பெரியது. ஆயினும் அவனால் விடமுடியவில்லை. ஒருநாள் மூப்பர் பிறரிடம் பெருந்தீனியைக் குறித்தும் மறைத்துவைக்கும் நினைவுகளைக் குறித்தும் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்க, அவன் மனமுடைந்து அழுது, அப்பத்தை வெளியே எடுத்துவைத்து அறிக்கையிட்டான். மூப்பர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தாம் ஒன்றும் சொல்லாதிருந்தபோதே, மறைத்ததை வெளிப்படுத்திய அவனுடைய அறிக்கை அவனை விடுவித்தது என்றார்.

இரண்டாவது, தன் போராட்டத்தை ஒரு முதியவரிடம் அறிக்கையிட்ட இளம் துறவியைப் பற்றியது. இவனுடைய போராட்டம் உணவைப் பற்றியதன்று, இச்சையைப் பற்றியது. அம்முதியவர் அவனைக் கடுமையாக இகழ்ந்தார். நம்பிக்கையிழந்த இளைஞன் துறவைவிட்டே புறப்பட்டான். வழியில் அப்பொல்லோ என்னும் மூப்பர் அவனைச் சந்தித்து, அவன் துயரத்தைக் கேட்டறிந்து, ஆறுதல் கூறித் திருப்பி அனுப்பினார். ஒருவர் செவிகொடுத்தார், ஒருவர் தீர்ப்பளித்தார். இருவருக்கும் முன் நின்றது ஒரே ஆத்துமா என்பது கருதத்தக்கது.

590 முதல் 604 வரை ரோமாபுரியின் பேராயராயிருந்த மகா கிரகோரியார், பாவங்களை ஏழாகத் திருத்தி வகுத்தபோது பெருந்தீனிக்கும் அதில் இடமளித்தார். அது வெளிப்படும் ஐந்து வகைகளையும் கூறினார். நேரத்திற்கு முன் உண்ணுதலும் மிகுதியாய் உண்ணுதலும் அவற்றுள் அடங்கும். உடலின் எடையோ அவற்றுள் இல்லை.

எடையையே பாவத்தின் அளவாக வெளிப்படையாகக் கூறிய நூல் நமக்கு மிக அண்மைக்காலத்தது. 1957-இல் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் போதகர் சார்லி ஷெட், ஜெபத்தினால் எடையைக் குறைப்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தாமே பருமனால் வருந்தி மெலிந்தவராதலால் அவர் பரிவற்றவரல்லர். எனினும் மிகுதியான எடையைத் தராசில் நிறுத்துக் காணக்கூடிய பாவமாகவே அவர் கண்டார். அதே 1957-இல் ஹில்டா புரூக் என்னும் பெண் மருத்துவர் உடற்பருமனைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். குழந்தையின் ஒவ்வோர் அழுகைக்கும் உணவே விடையாகும்போது, பசியையும் பிற துயரங்களையும் பிரித்தறியாமலே அது வளரக்கூடும் என்பது அவர் பல்லாண்டு ஆய்வில் கண்ட உண்மைகளுள் ஒன்று. 1959-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட், பருமனுடையோர் சிலரிடம் காணப்படும் கட்டுக்கடங்கா உண்ணுதலை விவரித்தார். 1986-இல் அவரும் உடனாய்வாளரும் டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து, அவர்களின் உடல்வாகு வளர்த்த பெற்றோரையன்றிப் பெற்றெடுத்த பெற்றோரையே ஒத்திருந்ததை வெளியிட்டனர். பருமன் யாவும் பெருந்தீனியின் விளைவு என்னும் எண்ணம் இதனால் தகர்ந்தது.

இதற்கிடையில் திருச்சபையும் செவிகொடுக்கும் கலையை மீண்டும் கற்றது. 1925-இல் அந்தோன் பாய்சன், அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவருக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கி, துன்புறும் மனிதரையே ஒரு நூலாக வாசிக்கக் கற்பித்தார். 1949-இல் சீவர்ட் ஹில்ட்னர் போதக ஆலோசனைப் பணியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1960-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், உண்ணுதலை அடக்கமுடியாது தவித்தோர், குடிநோயர் குழுக்களின் பன்னிரு படிகளைப் பின்பற்றித் தங்களுக்கென ஒரு தோழமையை அமைத்தனர். மறைத்ததை அன்புள்ளோர் முன் வெளிப்படுத்தும் செராப்பியோனின் வழி இதிலும் தொடர்வதாக எனக்குத் தோன்றுகிறது.

இவ்வரலாற்றினின்று இறையியல் மாணவர் கைக்கொள்ளவேண்டியவை யாவை? உடலைக் கண்டு ஆத்துமாவை அளக்கலாகாது. பரம்பரையும், சில நோய்களும், சில மருந்துகளுங்கூட எடையைக் கூட்டும். உணவுமுறை வகுப்பது போதகரின் பணியன்று. அதை மருத்துவரிடம் விடுக. மறைவாக உண்டு வெட்கத்தால் வாடுவோரையும், மனச்சோர்வில் ஆழ்ந்தோரையும் மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்கற்க; அனுப்பியபின் கைவிடவும் வேண்டா. பிரசங்கபீடத்திலிருந்து எடையைப் பற்றி நகைச்சுவை பேசாதிருப்பதும் ஆத்துமப் பராமரிப்பேயாகும்.

நம் ஆண்டவரையே அவர் காலத்தார் போஜனப்பிரியன் என்று தூற்றினர் (மத்தேயு 11:19). அச்சொல்லைச் சுமந்தவரின் ஊழியர், அதைப் பிறர்மேல் எறியுமுன் சிந்திக்கவேண்டும். அந்தச் சகோதரியின் இல்லத்திற்கு நான் தாமதமாகவே சென்றேன். அங்குக் கேட்டவை இங்கு எழுதுவதற்குரியன அல்ல. அன்று நான் பேசியது மிகச் சொற்பம். அடுத்த ஞாயிறு அவர் திருவிருந்துக்கு வந்திருந்தார்.