மழையும் மலைச்சரிவும்: கொஸ்லந்தை மண்சரிவின் வரலாற்றுப் பின்னணி

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையில், அம்பிட்டிகந்தைத் தோட்டத்தைச் சேர்ந்த மீரியபெத்தைப் பிரிவின் லயங்கள் மண்ணுள் புதைந்தன. நாட்கணக்கில் பெய்த மழையில் ஊறியிருந்த மலைச்சரிவு சில நிமிடங்களில் கீழிறங்கி, அறுபதுக்கு மேற்பட்ட குடியிருப்புகளை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகளும் காலைப் பெரட்டுக்குச் சென்றிருந்த தொழிலாளரும் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, வீட்டிலிருந்தோரும் இல்லை. மறுநாள் பத்திரிகைகள் பலவும் இதனை ‘இயற்கையின் சீற்றம்’ என்றே வருணித்தன.

மழை இயற்கையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மழை எந்த மண்மீது பெய்தது, அம்மண்ணின் அடியில் யார் குடியிருந்தனர், ஏன் அங்கேயே இருந்தனர் என்னும் வினாக்களுக்கு இயற்கையிடம் விடை கிடையாது. அவற்றுக்கான விடையை ஊவாவின் பெருந்தோட்டப் பொருளாதார வரலாற்றில் தேட முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொஸ்லந்தை, மத்திய மலைநாட்டின் தென்விளிம்பு சடுதியாக வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்கும் இடத்தில் அமைந்துள்ளது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி இவ்விறக்கத்தின் செங்குத்தை உணர்த்தப் போதுமானது. மேலேயுள்ள பாறைச் சுவரிலிருந்து நெடுங்காலமாக உதிர்ந்த கல்லும் மண்ணும் சரிவின் இடுப்புப் பகுதியில் தளர்வான படையாகக் குவிந்து கிடக்கின்றன. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் அதனைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையும் இங்கு ஓயாது பெய்பவை. ஒருநாட் பெருமழையைச் சரிவு தாங்கிக்கொள்ளும். தொடர்மழையில், நீர் இறங்கி அடிப்பாறையின் மேல் தேங்கும்போது, மண்ணின் பிடிமானம் அற்றுவிடுகின்றது. நீரை மேலேயே திசைதிருப்பும் வடிகால்களும், மண்ணைப் பிணைக்கும் ஆழ்ந்த வேர்களும் உள்ளவரை இவ்வாபத்து ஓரளவு தள்ளிப்போடப்படும்.

அவ்வேர்களுக்கு நேர்ந்தது யாது? உரிமைக்குச் சான்று காட்டவியலாத காடும் சேனை நிலமும் முடிக்குரியவை எனக் கொள்ள வழிசெய்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மலைநாட்டைக் கோப்பி முதலாளிகளுக்குத் திறந்துவிட்டது. சிங்களக் கிராமத்தவன் தன் சேனையையும் காட்டையும் இழந்த அதே நிகழ்ச்சிப் போக்கிலேதான் தென்னிந்தியக் கிராமத்துக் கூலி விவசாயி இங்குக் கொண்டுவரப்பட்டான் என்பது நம்மிடையே போதிய அளவு வற்புறுத்தப்படாத உண்மை. காடு வெட்டி எரிக்கப்பட்டது. களை ஒன்றும் எஞ்சாதவாறு நிலத்தைச் சுரண்டி வைத்திருப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனத் துரைமார் கருதினர். ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுசென்றது.

இதன் விளைவை அக்காலத்தவர் அறியாதிருந்தனர் எனக் கூறுவதற்கில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராயிருந்த ஜோசப் ஹூக்கர் உயர்மலைக் காடழிப்பைக் குறித்து எச்சரித்ததன் பயனாக, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளின் விற்பனையை நிறுத்தும் பணிப்புரை வந்தது. அவ்வெல்லைக்குக் கீழே கிடந்த கொஸ்லந்தைச் சரிவுகளுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. 1876இல் எங்கெல்ஸ், குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய தம் முற்றுப்பெறாத கட்டுரையில், கியூபாவின் ஸ்பானியத் தோட்டக்காரர்கள் சரிவுக் காடுகளை எரித்து, ஒரு தலைமுறைக் கோப்பிக்குப் போதுமான சாம்பலைப் பெற்றதையும், பின்னர் வெப்பமண்டல மழை மண்ணைக் கழுவி வெறும் பாறையை விட்டுச்சென்றதையும் சுட்டிக்காட்டினார். அவர் எழுதியது கியூபாவைப் பற்றி. ஆனால் அதே ஆண்டுகளில் ஊவாவில் நடந்துகொண்டிருந்ததும் அதுவே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், உரிமையாளர் அதே சரிவில் தேயிலையை நட்டனர். சுதந்திர இலங்கை 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது, பாதுகாக்க வேண்டிய மண்ணில் பெரும்பங்கு முன்னரே போய்விட்டிருந்தது.

தோட்டத்தில் நிலப்பயன்பாடு உற்பத்தி உறவுகளின் வரைபடமாகவே அமைந்தது. மேட்டில் துரையின் பங்களா, நடுவே தொழிற்சாலை. வேலைத்தலத்துக்கு அண்மையாகவும் தேயிலைக்கு அதிகம் பயன்படாத இடமாகவும் தெரிந்தெடுத்த துண்டில் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஒரு குடும்பம். ஊவாவின் படைப்பாளியான தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ சிறுகதையில் இந்நெருக்கடியைக் கணவன் மனைவியின் அந்தரங்கத்தையே அழிக்கும் சக்தியாகக் காட்டினார். நம் விமரிசகர்கள் அக்கதையைப் பெரும்பாலும் ஒழுக்கப் பிரச்சினையாகவே விவாதித்துள்ளனர். எனக்கு அது நிலப் பிரச்சினை பற்றிய கதையாகவே படுகின்றது. ஓர் அறையைக் கூட்டிக் கட்டவும் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டியிருந்த மக்களின் கதை அது.

இப்பின்னணியிலேதான் எச்சரிக்கைகள் பற்றிய சர்ச்சையை நோக்க வேண்டும். 1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நிகழ்ந்த உயிர்ச்சேதத்தின் பின், 1990இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரையத் தொடங்கியது. முதலில் தெரிந்தெடுக்கப்பட்டவையும் இவ்விரு மாவட்டங்களே. 1997இல் கொஸ்லந்தையை அடுத்த நாகெட்டியவில் சரிவு நிகழ்ந்தது. மீரியபெத்தை மக்களை இடம்பெயர்க்க வேண்டுமென 2005இலும் அதன் பின்னரும் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே, “சொல்லியும் அவர்கள் போகவில்லை” என்னும் கூற்று 2014இல் அதிகாரிகளிடமிருந்து மட்டுமன்றிப் படித்தவர் பலரிடமிருந்தும் எழுந்தது.

எங்கே போவது? நகரத்தில் வெள்ளம் வந்தால் வசதியுள்ளவன் மாடிக்கு ஏறுகின்றான். ஓரளவு வசதியுள்ளவன் உறவினர் வீட்டுக்குப் போகின்றான். கொழும்பில் 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையை மூழ்கடித்தபோது, இவ்விரண்டும் இல்லாத தாழ்நிலக் குடிசைவாசியே முகாமில் நெடுநாள் கிடந்தான். லயத்துத் தொழிலாளியின் நிலை அதனினும் கீழானது. அவனுடைய உறவினரும் அதே லயத்தில், அல்லது அடுத்த மலையில் அதே போன்ற லயத்தில் இருக்கின்றனர். காம்பிரா வேலையோடு பிணைந்தது; வீட்டில் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தாலன்றி அதில் இருக்கும் உறுதி இல்லை. வேறிடத்தில் வீடு கட்ட ஒரு பேர்ச் நிலமும் அவனுக்குச் சொந்தமில்லை.

இந்நிலமின்மை தற்செயலானதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. குடியுரிமை இல்லாதோர் அரசின் காணிப் பங்கீட்டுக்கு வெளியே நின்றனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது; உழைத்தவரை உடைமையாளராக்கவில்லை. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, சபைகள் தோட்டங்களுள் பணம் செலவிட நடைமுறையில் தடையாக விளங்கி, 2018இலேதான் திருத்தம் பெற்றது. லயத்துக்கு மேலுள்ள கானைத் துப்புரவாக்குவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, கம்பனி அரசைக் காட்டிற்று. அரசு கம்பனியைக் காட்டிற்று. வாக்களித்துத் தெரிந்த பிரதேச சபைக்கோ அங்குக் கைவைக்க வழியில்லை.

அறியாமையால் இருந்தனர் என்பதும் பொருந்தாது. கான் வெட்டும் வேலையைத் தலைமுறையாகச் செய்தவர்களுக்கு நீரின் போக்கைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவதும், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவதும், சுவர் வெடிப்பதும், கதவு நிலையில் பொருந்தாமற் போவதும், மரம் சாய்வதும் ஆபத்தின் குறிகள் எனத் தோட்டத்து முதியோர் அறிவர். அறிவியலாளர் வெளியிடும் துண்டுப்பிரசுரங்களிலும் இவையே உள. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை முதற்கட்ட எச்சரிக்கைக்கும், 150 மில்லிமீற்றர் வெளியேற்றத்துக்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் அடைமழை வாரத்தில் ஒவ்வோர் இரவும் பிள்ளைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குச் சென்று, விடியலில் பெரட்டுக்கு ஓடி, நாட்கூலி இழக்காமலும் இருத்தல் எத்தனை நாளைக்கு இயலும்? மழைமானி இக்கணக்கைக் காட்டாது.

அனர்த்தத்தின் பின்னர் வெளியான எண்களும் சிந்தனைக்குரியவை. காணாமற்போனோர் தொகை முதலிரு நாட்களில் நூற்றுக்கணக்கிலாக மாறிமாறி அறிவிக்கப்பட்டு, ஈற்றில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 37 என வந்து நின்றது. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. ஒவ்வொரு நாளும் பறித்த கொழுந்தை இறாத்தல் கணக்கில் எழுதி வைத்த ஓர் அமைப்பு, அக்கொழுந்தைப் பறித்தவர் வீட்டில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை உடனே கூற முடியாதிருந்தது.

கொஸ்லந்தை தனித்ததோர் உதாரணம் அன்று. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு, கேரளத்து மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், தேயிலைத் தோட்ட லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கயத்தாறுப் பகுதியிலிருந்து சென்று குடியேறிய தமிழர் வழிவந்தோர். எல்லையும் கொடியும் வேறு. லயமும் சரிவும் ஒன்றே. இனத்தாலும் மொழியாலும் மட்டும் இதனை விளக்க முற்படுவோர் வேல்ஸ் நாட்டின் அபர்பானை நினைவுகூர்தல் நன்று. 1966 ஒக்டோபர் 21இல், நீரூற்றின் மேல் கொட்டிக் குவித்த நிலக்கரிக் கழிவு மழையில் ஊறிச் சரிந்து, 116 பிள்ளைகள் உட்பட 144 பேரைக் கொன்றது. அங்கும் முன்னெச்சரிக்கைக் கடிதங்கள் இருந்தன. அங்கும் சரிவின் அடியில் இருந்தவை தொழிலாளர் வீடுகளும் அவர்தம் பிள்ளைகளின் பாடசாலையுமே. ஒரு வேறுபாடு உண்டு: அங்கு அமைந்த விசாரணை மன்றம் 1967இல் தேசிய நிலக்கரிச் சபையின் மீது பொறுப்பை வெளிப்படையாகச் சுமத்திற்று.

மீரியபெத்தையில் எஞ்சியோர் மாகல்தெனியவின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காலங்கழித்தபின், 2016 ஒக்டோபரில், குடும்பத்துக்கு 7 பேர்ச் வீதம் 75 வீடுகளைப் பெற்றனர். அவை லயமன்று, தனிவீடுகள். 37 உயிர்களின் பின்னரே அவை கிடைத்தன. 2023 மார்ச்சில் அண்மையிலுள்ள பூனாகலை, கபரகலையில் மீண்டும் மண்சரிந்து லயங்கள் சேதமுற்றன. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் மழையில் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டபோது, கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலைநாட்டு மாவட்டங்கள் மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்தன. வெளியேறுமாறு அறிவித்தல் அப்போதும் வந்தது. காணி உறுதி வந்திருக்கவில்லை.