இசைத்தட்டும் நடன மண்டபமும்

வானொலி நிலையங்கள் இசைத்தட்டுக்களை ஒலிபரப்பத் தொடங்கிய காலத்தில் அதனைத் தரக்குறைவான காரியமாகவே பலரும் கருதினர். பாடகரும் வாத்தியக் குழுவினரும் நிலையத்துக்கு நேரில் வந்து இசைப்பதே முறையான நிகழ்ச்சி; தட்டைச் சுழலவிடுவதோ இடைவெளியை நிரப்பும் வேலை. 1935 ஆம் ஆண்டில், லின்ட்பேர்க் குழந்தைக் கொலை வழக்கின் செய்திகளை அறிவித்துவந்த நியூயோர்க் வானொலி நிலையமொன்றில் அத்தகைய இடைவெளிகள் பல நேர்ந்தன. அவற்றில் இசைத்தட்டுக்களை ஒலிக்கச் செய்த அறிவிப்பாளர் மார்ட்டின் புளொக், தாம் பெரியதொரு நடன மண்டபத்தில் நிற்பதாகவும், வாத்தியக் குழுவினர் கண்ணெதிரே வாசிப்பதாகவும் பாவனை செய்தார். நேயர்கள் அந்தப் பாவனையில் மனம் பறிகொடுத்தனர். வானொலிக் கலைஞர் கற்பனையில் எழுப்பிய அம்மண்டபம் மெய்யான மண்டபமாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அதனை மெய்யாக்கியவர்களுள் தலையாயவர் பிரான்ஸிஸ் கிராஸோ.

கிராஸோ 1949 இல் புரூக்ளினில் பிறந்தவர். இளமையில் மோட்டார்ச் சைக்கிள் விபத்துக்களில் அடிபட்டு, உடலின் ஒருங்கிணைவு குன்றியிருந்த அவருக்கு நடனமே மருந்தாயிற்று. பின்னர் கிரினிச் வில்லேஜ் பகுதியிலுள்ள இரவு விடுதியொன்றில் கூலிக்கு ஆடினார். ஆடுபவர் கால் எப்போது துள்ளும், எப்போது தளரும் என்பதைத் தம் காலாலேயே அறிந்த ஒருவர் தட்டுக்களைத் தெரிவுசெய்ய வந்தது அக்கலையின் நல்வாய்ப்பென்றே சொல்லவேண்டும். 1968 அளவில் ‘சல்வேஷன் டூ’ என்னும் விடுதியில் ஓரிரவு, வழக்கமாகத் தட்டுக்களை இயக்கிய டெரி நோயல் உரிய நேரத்துக்கு வரவில்லை. வாடிக்கையாளராக வந்திருந்த கிராஸோவிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. நோயல் வந்து சேர்ந்தபோது அவருடைய இடம் பறிபோயிருந்தது.

அந்நாளைய விடுதிகளில் ஒரு பாட்டு முடிய, சிறிது அமைதி நிலவ, அடுத்த பாட்டுத் தொடங்கும். அந்த அமைதியில் ஆட்டம் கலைந்துவிடும். இதற்கான பரிகாரம் வானொலி நிலையத்திலே ஏற்கெனவே இருந்தது. அறிவிப்பாளரின் சொல் முடிந்த கணமே பாட்டு எழவேண்டும் என்பதற்காக, ஒலிபரப்புப் பொறியியலாளர்கள் சுழல்மேடைக்கும் இசைத்தட்டுக்கும் இடையே மெல்லிய கம்பளத் துணி விரிப்பொன்றை இடுவர். கீழே மேடை சுழன்றுகொண்டிருக்க, தட்டு மட்டும் விரலின் பிடியில் அசையாது நிற்கும். விரலை எடுத்தவுடன் பாட்டு முழு வேகத்தோடு எழும். இந்த நுட்பத்தை வானொலித் துறை நண்பரொருவரிடம் பயின்ற கிராஸோ, அதனை நடனத்துக்கு உரியதாக ஆக்கினார். ஒரு காதில் காதொலிக் கருவியைப் பொருத்தி அடுத்த தட்டைக் கேட்டபடி, மறு காதால் மண்டபத்தில் ஒலிக்கும் பாட்டைக் கேட்பார். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய சுழல்மேடையின் துணையால் இரண்டின் தாளத்தையும் ஒன்றாக்கி, உரிய அடியில் விரலை விடுவார்.

சொல்ல எளிது, செய்வதோ அரிது. அக்காலத்துத் தட்டுக்களில் மேளம் வாசித்தவர்கள் மனிதர்கள். உற்சாகம் வந்தால் அவர்களின் தாளம் விரையும், களைத்தால் பின்னடையும். அந்த ஏற்றத்தாழ்வுகளையெல்லாம் காது உணர்ந்து கை திருத்தவேண்டும். நைஜீரியக் கலைஞர் பாபதுண்டே ஒலதுஞ்ஜியின் முழவொலியும் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டும் அவர் இசைத்த இரவுகளில் அடுத்தடுத்து எழுந்தன. ‘லெட் ஸெப்பலின்’ குழுவினரின் குரலை ‘சிக்காகோ’ குழுவினரின் தாளத்தின் மேல் நெடுநேரம் மிதக்கவிட்டதும் அவருடைய பெயர்பெற்ற செயல்.

அவர் புகழின் உச்சியைக் கண்ட இடம் ‘சாங்க்சுவரி’. நியூயோர்க் 43 ஆம் மேற்குத் தெருவில் முன்பு ஜேர்மானியத் தேவாலயமாக இருந்த கட்டடம் அது. பலிபீடம் இருந்த இடத்திலேயே சுழல்மேடைகள் வைக்கப்பட்டன. பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் மனம் நொந்ததில் வியப்பில்லை. ஆயினும், ஆணோடு ஆண் ஆடினால் பொலிசார் பிடித்துச் செல்லக்கூடிய காலத்தில், சமூகம் ஒதுக்கிவைத்த தன்பாலீர்ப்பினர் கூட்டமாகக் கூடி ஆடிய மண்டபமும் அதுவே. பாட்டு இடையறாது ஓடவேண்டும் என்பதற்கு அவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. விடுதி 1972 இல் மூடப்பட்டது. 1971 இல் வெளிவந்த ‘குளூட்’ திரைப்படத்தில் அம்மண்டபத்தையும், ஒரு கணம் கிராஸோவையும் காணலாம்.

வித்தையை மறைத்துவைப்பது வித்தைக்காரரின் இயல்பு. கிராஸோவோ மைக்கல் கப்பெல்லோ, ஸ்டீவ் டி’அக்குயிஸ்டோ என்னும் இளைஞர் இருவரைத் தம் பக்கத்தில் நிறுத்திக் கற்பித்தார். பள்ளியும் இல்லை, பாடநூலும் இல்லை. ஆசிரியரின் விரலைப் பார்த்துப் பழகுவதே பாடம். இதில் அவருக்கு நட்டமும் இருந்தது. விடுதி முதலாளிகளுக்கு வேண்டியது இரவு முழுவதும் ஓயாத இசை. அதனை ஆற்றக்கூடியவர் ஒருவர் மட்டுமே இருந்தவரையில் அவர் கேட்டதே கூலி. மாணாக்கர் தேறத் தேற ஆசிரியரின் பேரம் தளர்ந்தது.

டி’அக்குயிஸ்டோ பின்னர் டேவிட் மன்குஸோ முதலியோருடன் சேர்ந்து 1975 இல் நியூயோர்க்கில் இசைத்தட்டுச் சங்கமொன்றை நிறுவினார். கம்பெனிகள் புதிய தட்டுக்களை இலவசமாக அளிக்கும். ஆடுவோர் அவற்றை எவ்வாறு வரவேற்றனர் என்பதை அங்கத்தவர்கள் அறிவிப்பர். விடுதிகளின் செல்வாக்கு அதற்கு முன்னரே புலப்பட்டிருந்தது. 1973 இல் கமரூன் நாட்டு மனு டிபாங்கோவின் ‘சோல் மக்கோஸா’ முதலில் நடன மண்டபங்களில் பிரபலமாகி, அதன் பின்னரே அமெரிக்க வானொலியில் பரவியது. வானொலியிடம் கடன் வாங்கிய கலை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது என்றால் மிகையாகாது.

கிராஸோவுக்கு அந்த வட்டியில் பங்கு கிட்டவில்லை. டிஸ்கோ இசை பெருவணிகமாகப் பெருகிய காலத்தில் அவர் மெல்ல ஒதுங்கி, பின்னாளில் கட்டட வேலை செய்து வாழ்ந்தார். அவர் சேர்த்திசைத்த இரவுகள் இசைத்தட்டாகி விற்பனைக்கு வரவில்லை. 1990 களின் இறுதியில் இக்கலையின் வரலாற்றை எழுத முனைந்தோர் அவரைத் தேடிச் சென்று செவ்வி கண்டனர். அவர் 2001 இல் காலமானார். 43 ஆம் தெருக் கட்டடம் நாடக அரங்காயிற்று.